மார்த்தினிக் தோட்டங்களில் கட்டிலை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள்

ஆண்டுக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து சிறு குழுவொன்றைக் கூட்டிக்கொண்டு கரீபியன் கடலில் பிரான்சைச் சேர்ந்த மார்த்தினிக் தீவுக்குப் போகிறேன். பெரும்பாலும் புதுச்சேரிக் குடும்பங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளை இவர்களும் என் கண்ணெதிரே செய்யும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். தொப்பி, தண்ணீர் பாட்டில் விஷயமெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வீட்டை மட்டும் பார்ப்பது

வாசல் பலகையில் ‘அபித்தாசியோன்’ என்றிருக்கும். பிரெஞ்சு தெரிந்தவர்கள்தான் இங்கே வழுக்கி விழுகிறார்கள். குடியிருப்பு என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். தீவில் அந்தச் சொல்லுக்குக் கரும்புக் கொல்லை, ஆலை, பாகு காய்ச்சும் கொட்டகை, சமையற்கட்டு, கூலிக் குடிசைகள் எல்லாம் அடங்கிய முழுத் தோட்டம் என்று பொருள். முதலாளி வீடு அதில் ஒரு மூலை, அவ்வளவுதான்.

முதல் பயணத்தில் ஒரு மாளிகைக்குள் இரண்டு மணி நேரம் சுற்றினேன். நான்கு தூண் கட்டில், கொசுவலை, பீங்கான் தட்டு என்று ஒன்று விடாமல் படம் எடுத்தேன். பின்கதவு வழியே, புல்வெளிக்கு அப்பால், தகரக் கூரைக் குடிசைகள் வரிசையாகத் தெரிந்தன. ஏதோ கிடங்கு என்று நினைத்து ரம் சுவைக்கப் போய்விட்டேன்.

காரைக்காலில் பெரிய அத்தையிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “நம் ஆட்கள் எங்கே படுத்தார்கள்?” என்று கேட்டார். என்னிடம் இருந்ததெல்லாம் கட்டில் படங்கள்.

அவர் கேள்வியில் நியாயம் உண்டு. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தட்டுப்பாடு வந்தது. 1853இல் இந்தியாவிலிருந்து முதல் கப்பல் வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர், பெரும்பாலும் தமிழர்கள், புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறினார்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. ஆப்பிரிக்க அடிமைகள் வாழ்ந்த அதே குடிசைகளில்தான் பலரைத் தங்கவைத்தார்கள்.

இப்போது என் குழுவை முதலில் குடிசைக்கு அழைத்துப் போகிறேன். பிறகு ஆலை, சமையற்கட்டு. மாளிகை கடைசியில்தான். ஒரு குடிசையை எட்டு வைத்து அளந்தேன். நான்காவது எட்டில் சுவர் இடித்தது. மாளிகை வராந்தாவை அளக்கத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். குடிசைகள் இல்லாத தோட்டம் என்றால், அவை எங்கே இருந்தன என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். ஒருமுறை அவர் கை நீட்டிக் காட்டியது எங்கள் வேன் நின்ற இடத்தை.

கேட்காமல் திரும்புகிறவர்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் வந்தது பீங்கான் தட்டு பார்க்கவா?

லா பாஜ்ரியில் அரண்மனை தேடுவது

நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் 1763இல் பிறந்த தோட்டம் இது. 1766 புயலில் பெரிய வீடு போயிற்று. குடும்பமே சர்க்கரை ஆலையின் மாடிக்குக் குடிபெயர்ந்தது. வீட்டிலிருந்து தள்ளிக் கல்லால் கட்டிய சமையற்கட்டு மிஞ்சியது. இன்றைய அருங்காட்சியகம் அதுதான். “இவ்வளவுதானா?” என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எஜமானர் வீடு போய், அடிமைகள் அடுப்பு வெக்கையில் வெந்த இடம் நிற்பதில் எனக்கென்னவோ ஒரு திருப்தி. தீவின் தலைநகரான ஃபோர்-து-ஃபிரான்ஸ் நகரப் பூங்காவில் இருந்த ஜோசஃபின் சிலையின் தலையை 1991இல் யாரோ துண்டித்தார்கள். 2020இல் சிலையையே தள்ளிவிட்டார்கள். அதையும் சொல்லித்தான் உள்ளே அழைத்துப் போவேன்.

அரவை இல்லாத மாதத்தில் ரம் ஆலைக்குப் போவது

இங்கே ரம் பெரும்பாலும் புதுக் கரும்புச் சாற்றிலிருந்து வடிக்கப்படுகிறது, கழிவுப்பாகிலிருந்து அல்ல. வெட்டிய கரும்பு கெடுவதற்குள் பிழிந்தாக வேண்டும். ஆகவே ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஜூன் வரைதான் ஆலை ஓடும். அக்டோபரில் போனால் பீப்பாய் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்புவது

வேண்டாம்.