லிபெட் சோதனையை வீட்டில் செய்து பார்க்க

கையை அசைக்க முடிவெடுப்பதில் மூளை முந்துகிறதா, நாம் முந்துகிறோமா என்று வாய்ச்சண்டை போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். நொடிமுள் தாவாமல் வழுக்கி ஓடும் சுவர்க்கடிகாரம் போதும். எதிரே உட்கார்ந்து, தோன்றும்போது மணிக்கட்டை மடக்குங்கள். 'மடக்கலாம்' என்ற எண்ணம் வந்தபோது முள் எங்கே இருந்தது? எழுதிக்கொள்ளுங்கள். 40 தடவை.

நான் பத்துக்குள்ளேயே குழம்பிவிட்டேன். எண்ணம் தானாக வந்ததா, முள் பன்னிரண்டைத் தொட்டதால் வரவழைத்தேனா, தெரியவில்லை. அந்தக் குழப்பத்தையும் தாளில் குறியுங்கள். அதுதான் முக்கியம்.

அப்புறம் இதே சோதனையைச் செய்து மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்டதோடு ஒப்பிடுங்கள். அவருடைய கடிகாரத்தில் முள்ளுக்குப் பதில் ஓடிய ஒளிப்புள்ளி 2.56 நொடியில் ஒரு சுற்று. நம் முள்ளைவிட 23 மடங்கு வேகம். தலையில் ஒட்டிய மின்முனைகளில், கை அசைய அரை நொடிக்கு முன்பே மூளையில் மின்மாற்றம். எண்ணம் தெரிந்ததோ சுமார் 0.2 நொடி முன்பு. சரி, உடனே 'சுயவிருப்பம் பொய்' என்று எழுதிவிடாதீர்கள். அந்த மின்மாற்றம் மூளையின் தற்செயல் இரைச்சல் கூடிக்கூடி வரம்பைத் தொடுவதாகவும் இருக்கலாம் என்று 2012இல் ஆரோன் ஷூர்கர் குழு காட்டியது.

கடைசியாக, மணிக்கட்டை விட்டுவிட்டு 17ஐ 23ஆல் மனக்கணக்காகப் பெருக்குங்கள். 391. இது ஏன் சரி என்ற கேள்வியை லிபெட்டின் மின்முனைகள் தொடவே இல்லை. விடை எந்த நொடியில் வந்தது என்று முள்ளைப் பாருங்கள். எனக்கு ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை.