தக்காளியைக் கறுப்பாக்குவது எப்படி?

நிறத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது நான் கரும்பலகைப் பக்கமே போவதில்லை. ஜன்னலை அடைக்கச் சொல்வேன், கதவிடுக்கில் துணியைச் செருகச் சொல்வேன். 'சிவப்புப் பொருள் சிவப்பை எதிரொளிக்கும், மற்ற நிறங்களை உட்கவரும்' என்று தடங்கலின்றி ஒப்பிக்கிற பிள்ளைகளிடம், பச்சை வெளிச்சத்தில் தக்காளி என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் சிவப்பு என்பார்கள், சிலர் இரண்டும் கலந்து மஞ்சள் என்பார்கள். இரண்டும் தவறு. அதைக் கண்ணால் பார்த்தால்தான் மனத்தில் ஏறும்.

வெளிச்சத்துக்குக் கைபேசியே போதும். படம் வரையும் செயலியில் திரை முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்புங்கள். எண் கொடுக்கும் வசதி இருந்தால் சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்று கொடுங்கள். தனிப் பச்சைக்கும் தனி நீலத்துக்கும் இதே முறை. இரவில் திரையை மஞ்சளாக்கும் அமைப்பை மறக்காமல் அணையுங்கள், அது நீலத்தைக் குறைத்துவிடும். சாயம் பூசிய பல்பு வேண்டாம். அதில் மற்ற நிறங்களும் கசியும். கசிவு இருந்தால் இந்தச் சோதனையே வீண்.

இனி ஒரு தக்காளி, ஒரு பச்சை இலை, மஞ்சள் அட்டை, வெள்ளைத்தாள், கறுப்புத்தாள், சிவப்புப் பேனா. விளக்கை அணைத்துவிட்டுக் கண் பழகச் சற்று நேரம் கொடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் முன்பாக, என்ன தெரியும் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதில் நான் கண்டிப்பு. பார்த்துவிட்டுச் சொல்வதற்கு அறிவியல் எதற்கு?

கணக்கு எளிது: வரவு எது, அதில் பொருள் விழுங்கியது எது, மிச்சம் எது? வரவில் இல்லாத நிறம் மிச்சத்தில் வராது. பச்சைத் திரைக்கு முன் தக்காளி கறுக்கிறது. அதற்குக் கிடைத்த வெளிச்சம் முழுக்கப் பச்சை, அதை அது விழுங்கிவிடுகிறது. சிவப்புத் திரைக்கு முன்னால் அதே தக்காளி வெள்ளைத்தாளுக்குப் போட்டியாகப் பளிச்சென்று நிற்கும். வெள்ளைத்தாளில் சிவப்புப் பேனாவால் எதையாவது எழுதிச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டுங்கள். எழுத்து ஏறக்குறைய மறைந்துவிடும். தாளும் சிவப்பைத் திருப்புகிறது, மையும் சிவப்பைத் திருப்புகிறது. கண் எதை வைத்துப் பிரித்தறியும்? பச்சைத் திரைக்கு மாற்றியதும் எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும்.

மஞ்சள் அட்டை சுவையானது. அது நீலத்தை மட்டுமே விழுங்குகிறது. ஆகவே சிவப்பில் சிவப்பாகவும் பச்சையில் பச்சையாகவும் தெரிந்து, நீலத்தில் இருண்டுபோகும். இலை சிவப்பையும் நீலத்தையும் வாங்கிக்கொள்கிறது. பச்சையிலும் கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதனால் பச்சை வெளிச்சத்தில் அதன் பக்கத்தில் வெள்ளைத்தாளை வைத்தால் இலை மங்கலாகத் தோன்றும். எந்தச் சாயமும் சுத்தமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சில நீல மூடிகள் பச்சை வெளிச்சத்தில் கறுக்காமல் கரும்பச்சையாகத் தெரியும். அது சோதனையின் பிழையல்ல. அந்த நீலச் சாயம் பச்சையையும் ஓரளவு திருப்புகிறது.

நியூட்டன் 1672இல் வெளியிட்ட கடிதத்திலேயே இது இருக்கிறது. ஈயச் செந்தூரத்தின் மீது முப்பட்டகம் பிரித்த எந்த நிற ஒளியைப் பாய்ச்சினாலும் அது அந்த நிறத்திலேயே தெரிந்தது, ஆனால் சிவப்பில்தான் மிகுதியாக ஒளிர்ந்தது என்கிறார்.

கறுத்த தக்காளியை விட்டுவிடாமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். தோலின் மேல் ஒரு பச்சைப் பொட்டு பளபளக்கும். பச்சையைத்தான் விழுங்கிவிட்டதே, இது எங்கிருந்து வந்தது? மேற்பரப்பில் படும் ஒளியில் சிறு பகுதி உள்ளே போகாமலே திரும்பிவிடுகிறது. நிறமிகள் அதைத் தொடுவதே இல்லை. பகல் வெளிச்சத்தில் அந்தப் பளபளப்பு வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். செம்பும் தங்கமும் விலக்கு, அவற்றின் பளபளப்பிலேயே நிறம் உண்டு. மிக மெல்லிய தங்கத் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊடுருவி வரும் ஒளி நீலப்பச்சையாக இருக்கும்.

ஊடுருவலுக்கு, பரிசுப் பொருள்களைச் சுற்றும் வண்ணக் கண்ணாடித்தாள் போதும். விளக்கைப் போட்டுவிட்டு, சிவப்புத் துண்டு ஒன்றை வெள்ளைத்தாளின் மேலும் இன்னொன்றைக் கறுப்புத்தாளின் மேலும் வையுங்கள். வெள்ளையின் மேல் நல்ல சிவப்பு. கறுப்பின் மேல் வெறும் பளபளப்புதான், சிவப்பு காணாமல் போயிருக்கும். கண்ணாடித்தாள் சிவப்பைத் திருப்புவதில்லை, கடந்துபோகவிடுகிறது. அடியில் திருப்பியனுப்ப ஆள் இருந்தால்தான் அந்தச் சிவப்பு உங்களிடம் வந்து சேரும். சிவப்புத் தாள் வெள்ளை ஒளிக்குச் சாயமேற்றுகிறது என்று நினைப்பவர்களுக்கு, அதன் மேல் பச்சைத் தாளையும் அடுக்கி விளக்கை அதன் வழியே பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட இருட்டு. மலிவான தாள் என்றால் ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கணக்குக்கு அடங்காத ஒன்று. மஞ்சள் ஹைலைட்டர் கோட்டை நீலத் திரைக்கு முன் பிடித்தால், கறுப்பதற்குப் பதில் பச்சையாக ஒளிரும். அந்த மை நீலத்தை உட்கவர்ந்து, அதைவிட அலைநீளம் கூடிய பச்சை ஒளியைத் தானே வெளிவிடுகிறது. இதை முதலிலேயே காட்டினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள், ஆகவே முடிவில்தான் எடுப்பேன். இதையும் தாண்டிப் போக விரும்பினால், இலைகளை நசுக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். பக்கத்தில் தீ கூடாது. அந்தப் பச்சைச் சாற்றின் மேல் ஊதா டார்ச்சை அடித்தால் அது அடர்சிவப்பாக ஒளிரும். டார்ச்சை நேராகப் பார்க்க வேண்டாம், குப்பியைக் கறுப்புத் துணியின் மேல் வையுங்கள். வெள்ளைத்தாளில் கலந்திருக்கும் வெண்மையூட்டியும் ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்து சிவப்பை மங்கடித்துவிடும்.