சிறுத்தைப் புள்ளி மீனுக்கு மூச்சுவிட இடம் விடுங்கள்

மட்டக்களப்பில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விசயம். ஆப்பிரிக்காவின் கொங்கோ ஆற்றுப் படுகையைச் சேர்ந்த டெனொபோமா, உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி போட்ட மீன், உங்களிடம் இருந்தால் தொட்டியை விளிம்புவரை நிரப்பிக் கண்ணாடியால் அடைத்துவிடாதீர்கள். இது நம்ம வயல் வாய்க்காலில் வரும் பனையேறியின் சொந்தக்காரன். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அதில்தான் சேர்த்துக்கொள்ளும். நான் முதலில் மூடியோடு ஒட்டத் தண்ணீர் விட்டுவிட்டேன். மீன் மூக்கால் கண்ணாடியை முட்டி முட்டிப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

நாலு விரற்கட்டை இடைவெளி விடுங்கள். அதற்காக மூடியைக் கழற்றிவிடாதீர்கள், பாயும். மூடியில் நாலைந்து துளை போட்டால் போதும்.

கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்றாலும் கொஞ்ச நேரத்துக்கு இது சமாளிக்கும். மண்புழு, கூனி இறால் கொடுக்கலாம். கப்பி மீனோடு மட்டும் விடாதீர்கள். காய்ந்த இலைபோல அசையாமல் நிற்கும், அப்புறம் வாய் சட்டென்று குழாயாக நீளும், கப்பியைக் காணோம்!