கொழும்பில் வியாபாரக் கடன்: கையொப்பமிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதற்படியாக, இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்திடமிருந்து உங்கள் கடன் அறிக்கையைப் பெற்றுக்கொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இப்பணியகத்தின் பதிவுகளில், நீங்கள் பெற்ற கடன்களுடன் பிறருக்குப் பிணை நின்றவையும் தெரியவரும். வங்கி முகாமையாளர் கேட்பதற்கு முன் நீங்கள் அறிந்திருப்பதே நல்லது.

அடுத்து, தேவைக்கேற்ற கடன் வகையைத் தெரிவுசெய்யுங்கள். பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் விற்பவர் சரக்கு எடுக்க மேலதிகப்பற்று, அதாவது கணக்கிலுள்ள பணத்துக்கு மேல் குறித்த எல்லைவரை எடுக்கும் வசதி, பொருந்தும். லொறி வாங்கத் தவணைக் கடனே பொருந்தும். மேலதிகப்பற்றை வங்கி கேட்டவுடன் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதால், அப்பணத்தைக் கட்டடத்தில் முடக்குவது ஆபத்தானது.

வங்கி தரும் அனுமதிக் கடிதத்தில் வட்டி நிலையானதா, மாறுவதா என்று பாருங்கள்.

ஈடு வைக்கும் கட்டத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். காணியை ஈடு வைத்து நொத்தாரிசு முன்னிலையில் கையொப்பமிட்ட பின் கடன் தவறினால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, அதாவது வழக்கத்தில் பராட்டே என்று சொல்லப்படும் அதிகாரத்தின்படி, வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானமொன்றை நிறைவேற்றி, நீதிமன்றம் செல்லாமலே அக்காணியைப் பகிரங்க ஏலத்தில் விற்கலாம். தீர்மானம் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கில நாளிதழ்களிலும் அறிவிக்கப்படும். 2024இல் இவ்வதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டதை நம்பிக் கடன்பட வேண்டாம். குடியிருக்கும் வீட்டைத் தவிர வேறு ஈடு உண்டா என்று வங்கியிடம் பேசிப்பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஈடு வைப்பது கம்பனியாயின், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி அந்த ஈட்டைக் கம்பனிப் பதிவாளரிடம் பதிய வேண்டும்.

இறுதியாகப் பிணை. கம்பனியின் கடன் கம்பனியுடையது என்பது உண்மையே. ஆனால் பணிப்பாளர்களிடம் வங்கி தனிப்பட்ட பிணையையும் கேட்பது வழக்கம். முதலில் கடனாளியிடம் அறவிட்ட பின்னரே தன்னிடம் வர வேண்டும் என்று கேட்கும் உரிமையை உரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்கு அளிக்கிறது. வங்கியின் அச்சடித்த பிணை முறியிலோ அவ்வுரிமையைக் கைவிடும் வாசகம் பெரும்பாலும் இருக்கும். அதில் கையொப்பமிட்டவரிடம் வங்கி நேரடியாகவே வரலாம். ஆகவே பிணையை ஒரு குறித்த தொகைக்கு மட்டுப்படுத்தக் கேளுங்கள். பணிப்பாளர் பதவியை விட்டு விலகினாலும், வங்கியிடமிருந்து எழுத்து மூல விடுவிப்பைப் பெறும்வரை பிணை முடிந்துவிட்டதாகக் கருதாதீர்கள்.