பிஎல்சி இன்புட்டில் ப்ராக்ஸி சென்சார் இணைப்பது எப்படி?

சென்சாரில் லைட் எரிகிறது, பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) இன்புட்டில் எரியவில்லை. பேனல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. உடனே சென்சாரைக் கழற்றி வேறு மாட்டிப் பார்ப்பார்கள். சென்சார் நன்றாகவே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது காமன் டெர்மினலை, அதாவது எல்லா இன்புட்டுக்கும் பொதுவான முனையை.

ஓர் உதாரணத்தை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். சென்சார்: மூன்று ஒயர் உள்ள பிஎன்பி ப்ராக்ஸி (உலோகம் அருகே வந்தால் தொடாமலே உணர்வது; பிஎன்பி என்ன என்பது படி 2-ல்), 10–30 வோல்ட் டிசி, நார்மலி ஓப்பன் (எதிரே உலோகம் இல்லாதபோது ஆஃபில் இருக்கும்). பிஎல்சி: சீமென்ஸ் எஸ்7-1200, சிபியு 1214சி. இதில் 14 டிஜிட்டல் இன்புட் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்து 1எம் என்ற ஒரே காமன்.

படி 1: ஒயர் நிறம்

பிரவுன் +24 வோல்ட், நீலம் 0 வோல்ட், கருப்பு சிக்னல். நான்காவதாக வெள்ளை இருந்தால் அது பொதுவாக நார்மலி குளோஸ்டு (உலோகம் இல்லாதபோது ஆனில் இருக்கும்) அவுட்புட். வீட்டு ஒயரிங் பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அங்கே கருப்பு என்றால் நியூட்ரல், அதனால் கை தானாகவே கருப்பை 0 வோல்ட்டில் கொண்டுபோய் வைக்கும். அப்படி வைத்தால் சென்சார் ஆன் ஆகும்போது அதன் அவுட்புட் ஷார்ட் ஆகிவிடும்.

படி 2: கரண்ட் எந்த வழியாகப் போகிறது?

ஒயரைத் தொடுவதற்கு முன் இது புரிந்தாக வேண்டும். ஓர் இன்புட்டுக்கு இரண்டு முனைகள்: ஒன்று ஐ0.0 (முதல் இன்புட்டின் முனை), இன்னொன்று 1எம். ஒன்றில் நுழையும் கரண்ட் மற்றதன் வழியே வெளியேறினால்தான் பிஎல்சி அதை 1 என்று படிக்கும்.

பிஎன்பி சென்சார் இரும்பைக் கண்டதும் கருப்பு ஒயரில் +24 வோல்ட் கொடுக்கும். அந்தக் கரண்ட் திரும்பிப் போக 1எம் 0 வோல்ட்டில் இருக்க வேண்டும். என்பிஎன் நேர் எதிர், கருப்பு ஒயரை 0 வோல்ட்டுக்கு இழுக்கும். அதற்கு 1எம் +24-ல் இருக்க வேண்டும். எஸ்7-1200 இரண்டையும் ஏற்கும். ஆனால் காமன் ஒன்றே என்பதால் இந்த 14 இன்புட்டிலும் ஒரே வகைதான் போட முடியும். பிஎன்பி போட்டுவிட்டு 1எம்-ஐ +24-ல் வைத்தால் இரண்டு முனையிலும் 24 வோல்ட். வித்தியாசமே இல்லாதபோது கரண்ட் எப்படி ஓடும்?

படி 3: இணைப்பு

பவரை ஆஃப் செய்யுங்கள், மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள். ஒயர் முனைகளில் ஃபெரூல் (முனையில் அழுத்திப் பொருத்தும் சிறு உலோகக் குழாய்) போடுங்கள். சிபியு-விலேயே 24 வோல்ட் சென்சார் சப்ளை இருக்கிறது; அதில் எல்+ என்பது +24, எம் என்பது 0 வோல்ட். 1214சி-யில் அது 400 மில்லியாம்ப் வரை தரும், சில ப்ராக்ஸிகளுக்குத் தாராளம்.

முதலில் சென்சார் சப்ளையின் எம்-இலிருந்து 1எம்-க்கு ஒரு லிங்க் போடுங்கள். அப்புறம் நீலத்தை எம்-க்கும், கருப்பை ஐ0.0-க்கும், கடைசியாகப் பிரவுனை எல்+க்கும் கொடுங்கள்.

சென்சார்களுக்குத் தனி எஸ்எம்பிஎஸ் (24 வோல்ட் டிசி தரும் பவர் சப்ளை) வைத்திருந்தால் அதன் 0 வோல்ட் 1எம்-க்கு வந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கரண்டுக்குத் திரும்பும் வழி கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸின் +24-ஐ மட்டும் சிபியு-வின் சென்சார் சப்ளை எல்+உடன் சேர்க்கவே கூடாது. இரண்டு சப்ளையும் ஒன்றோடொன்று மோதும், சிபியு பழுதாகலாம்.

படி 4: சோதனை

பவர் கொடுத்து, சென்சார் முன்னால் ஓர் இரும்புத் துண்டைக் காட்டுங்கள். இன்புட் லைட் எரிந்தால் சரி. எரியவில்லையென்றால் இரும்பை அங்கேயே வைத்துக்கொண்டு மீட்டரை எடுங்கள்.

ஐ0.0-க்கும் எம்-க்கும் இடையே 22–24 வோல்ட் வருகிறது, ஐ0.0-க்கும் 1எம்-க்கும் இடையே ஒன்றும் வரவில்லை: 1எம் லிங்க் இல்லை, அல்லது அது +24-க்குப் போயிருக்கிறது. இரண்டு இடத்திலும் 24 வருகிறது, லைட் மட்டும் இல்லை: ஸ்க்ரூ சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள். எங்குமே வோல்ட் இல்லை: பிரவுன், நீலம் இரண்டையும் சரிபாருங்கள். இந்த இன்புட்டில் 15 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1, 5-க்குக் கீழ் இருந்தால் 0. நடுவில் எதையும் நம்ப வேண்டாம்.

ஜாப் (சென்சார் முன்னால் வரும் பொருள்) எந்த உலோகம்?

சென்சார் லேபிளில் போட்டிருக்கும் உணரும் தூரம் மைல்டு ஸ்டீலுக்கானது. இண்டக்டிவ் (காந்தப்புலத்தால் உலோகத்தை உணரும்) ப்ராக்ஸியில் அலுமினியத்துக்கு அது பாதிக்கும் கீழே குறையும். 8 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் அலுமினியத்தை ஏறக்குறைய 3 மில்லிமீட்டரில்தான் பிடிக்கும். ஆகவே மெஷினில் ஓடப்போகிற அதே ஜாப்பை வைத்து இடைவெளியை அமையுங்கள்.

இரண்டு ஒயர் சென்சார் என்றால் ஒன்றை எல்+க்கும் மற்றதை இன்புட்டுக்கும் கொடுக்க வேண்டும். அது ஆஃபில் இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும். கசிவு 1 மில்லியாம்பைத் தாண்டினால் இன்புட் ஆஃப் ஆகும் என்று சொல்ல முடியாது. டேட்டாஷீட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் மூன்று ஒயர் சென்சாரையே சொல்வேன்.