பார்டர் டெரியருக்கு முடி எடுப்பது எப்படி? மெஷின் வேண்டாம், விரல் போதும்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் செவியட் மலைப்பகுதியில் நரி விரட்ட வளர்த்த நாய் இது. குதிரைக்கு ஈடுகொடுத்து ஓடக் கால் கொஞ்சம் நீளம், நரி வளைக்குள் நுழைய மார்பு ஒடுக்கம். ஆண் நாயே 6, 7 கிலோதான், தோளுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்தால் பிடிக்குள் அடங்கிவிடும். தோல் தடிப்பாகத் தொளதொளவென்று இருக்கும்.

மேல்முடி கம்பி மாதிரி, அதற்கடியில் மெத்தென்று அடிமுடி. மேல்முடி வளர்ந்து முடிந்ததும் செத்துப்போய் உதிராமல் அப்படியே நிற்கும், அதை நாம்தான் பிடுங்க வேண்டும். நான் முதல் தடவை சோம்பல்பட்டு மெஷின் போட்டேன். நிறம் மங்கி, முடி பஞ்சாகி, லேசான மழைக்கே தோல்வரை நனைய ஆரம்பித்தது.

1. முதுகு முடி வகிடு எடுத்த மாதிரி தானாகப் பிரிந்து நிற்கிறதா? நாலு முடியை இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் எடுக்கலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த வேலை இருக்கும்.

2. முந்தின நாள் குளிப்பாட்டாதீர்கள், முடி வழுக்கும். சீப்பால் சிக்கு எடுத்துவிட்டு விரலில் சாக்பீஸ் தூள் தடவிக்கொள்ளுங்கள்.

3. ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்து, மறு கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சில முடிகளை நுனிப்பக்கமாகப் பிடித்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே வெடுக்கென்று இழுங்கள். பிடரியில் தொடங்கி முதுகு, விலா, தொடை என்று போகலாம். பேராசைப்பட்டுக் கொத்தாகப் பிடித்தால்தான் வலிக்கும். செத்த முடி வரும்போது பெரும்பாலான நாய்கள் கண்டுகொள்வதில்லை, எங்களுடையது தூங்கியே போகும் (ஜன்னலில் பூனை தெரியாதவரை).

4. அடிவயிறு, தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் மட்டும் முனை மழுங்கிய கத்தரி. அங்கே பிடுங்கப் போனால் கடி வாங்குவீர்கள், நியாயமான கடிதான்.

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். இருபது நிமிஷம், ஒரு பிஸ்கட், மிச்சம் நாளைக்கு. தோல் சிவந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், வேலை முடிந்த நாய் பாதி உரித்த கோழி மாதிரிதான் நிற்கும். புது முடி மூடச் சில வாரம் ஆகும், அதுவரை உச்சி வெயிலில் விடாதீர்கள், குளிரென்றால் ஒரு சட்டை போடுங்கள்.