பிணமே சாட்சி சொன்னால் துப்பறிவது எப்படி?

ஆளுக்கொரு வேடம் எடுத்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதில் கதையை எழுதி ஆட்டத்தை நடத்தும் டிஎம்களிடம் பேசிப் பாருங்கள், பாதிப் பேருக்கு ஒரே புலம்பல்தான். கொலையாளியைத் தேடும் கதையை ராத்திரி கண் விழித்து எழுதியிருப்பார்கள். கிளெரிக் (தெய்வ சக்தி உள்ள பூசாரி) வேடம் ஆடுகிறவர் ஒரு ஸ்பெல்லைப் போட்டு, அதாவது மந்திரத்தால், பிணத்தைப் பேச வைத்து, "உன்னைக் கொன்னது யாரு?" என்று கேட்டுவிடுவார். அதோடு கதை காலி. அடுத்த வாரமே அந்த ஸ்பெல்லுக்குத் தடை போடலாமா என்று யோசனை ஓடும்.

தடை போடாதீர்கள். வேறு எத்தனையோ ஸ்பெல் இருக்க, அன்றைக்கு இதைத் தயார் பண்ணி வந்திருக்கிறார் என்றால் பிணத்தோடு பேச அவருக்கு ஆசை. அந்த ஆசைக்குத் தீனி போடத்தான் டிஎம் உட்கார்ந்திருக்கிறார்.

முத்தியால்பேட்டையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஆட்டம் நடக்கும். அவரவர் வேடத்தின் சக்திகளை எழுதிய கேரக்டர் ஷீட் எல்லாமே என் மெஷினில்தான் பிரிண்ட் ஆகிறது என்பதால் எனக்கும் ஒரு காப்பி. கதை எழுத உட்காரும்முன் சிவப்புப் பேனாவோடு அவற்றைப் படிப்பேன். உண்மையை நேரடியாகக் கறக்கும் சக்தி, தூரத்தைச் சுருக்கும் சக்தி, பசி தாகத்தைப் போக்கும் சக்தி, இந்த மூன்று வகைக்கும் அடிக்கோடு விழும். சண்டைச் சக்திகளை விட்டுவிடுவேன். அவை கதையைக் கெடுப்பதில்லை. எதிரி எத்தனை அடி தாங்குவான் என்கிற ஹிட் பாயிண்டைக் கொஞ்சம் ஏற்றினால் தீர்ந்தது.

இப்போது வாராவாரம் ஓடுகிற தொடர்கதை, அதாவது கேம்பெய்ன், 1748இல் நடக்கிறது. ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்ட வருஷம். ஆகஸ்டில் வந்தவர்கள் முதலில் அரியாங்குப்பம் கோட்டையில் மாட்டிக்கொண்டு நாளைக் கடத்தினார்கள். அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ள, முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்குள் கவர்னர் டூப்ளே. நிஜ வரலாறு அவ்வளவுதான். மந்திரமும் கொலையும் தானியத் தட்டுப்பாடும் நான் சேர்த்தவை.

பெரிய வாய்க்கால் ஓரம் ஒரு துணி வியாபாரி செத்துக் கிடக்கிறார். கிளெரிக் ஆடுவது என் அக்கா மகள். ஐந்தாம் லெவலுக்கு வந்த அன்றிலிருந்தே அவளிடம் அந்த ஸ்பெல் இருக்கிறது. இந்த இடத்தில் பல டிஎம்கள் பிணத்தின் தலையை வெட்டி எடுத்துவிடுவார்கள், வாய் இல்லாவிட்டால் ஸ்பெல் பலிக்காது என்று விதியிலேயே இருப்பதால். ஒரு தடவை செய்யலாம், அதையே ஒரு துப்பாக மாற்றினால். கிளெரிக் வருவார் என்று கொலையாளிக்குத் தெரிந்திருக்கிறது, அவனுக்கு அதை யார் சொன்னது? கொலைக்குக் கொலை தலையில்லாப் பிணமாகவே கிடந்தால் ப்ளேயருக்குப் புரிந்துவிடும், வெட்டுகிறவன் டிஎம் என்று.

விதியை முழுசாகப் படித்தாலே உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். ஐந்து கேள்விதான். உயிரோடிருந்தபோது தெரிந்தது மட்டுமே பிணத்துக்குத் தெரியும். பதில் சுருக்கமாக, பூடகமாக வரும். பகையாளி கேட்டால் பொய்யும் சொல்லலாம். பத்து நாளைக்கு மறுபடி கேட்க முடியாது. எனக்குப் பிடித்தது இன்னொன்று: அந்த ஆள் உயிரோடிருந்தபோது பேசிய மொழிதான் பிணத்துக்கும். என் வியாபாரிக்குத் தெலுங்கும் கொஞ்சம் போர்த்துகீசும் மட்டும். கிளெரிக்குக்கு இரண்டும் தெரியாது. ஆக, நடுராத்திரியில் நம்பகமான ஒரு துபாஷியை (மொழிபெயர்ப்பாளரை) எழுப்பிக் கூட்டிவர வேண்டும். பிணம் சொன்னதை அவர் அப்படியே சொல்கிறாரா என்ற சந்தேகத்தில் மட்டும் ஒரு மணி நேரம் ஓடியது.

முதல் கேள்விக்கே பெயர் வந்துவிட்டது. நான் மறைக்கவில்லை. மறைத்த பெயர் ஒன்றின் மேல் முழுக் கதையையும் கட்டினால் அது ஒற்றைக் கல்லில் நிற்கும் சுவர். ஊருக்குள் தானியக் கிடங்குகளைக் கவனிக்கிறவன்தான் கொலையாளி. அவனைப் பிடித்துக் கொடுத்தால் கிடங்குச் சாவியும் கணக்கும் யாரிடம் போகும்? பிணத்தின் பேச்சைக் கோட்டையில் சாட்சியாக ஏற்பார்களா? உண்மை வட்டம் போடும் ஸ்பெல்லையும் கிளெரிக் எடுத்தாள். எடுக்கட்டும். அதில் சிக்கியவன் பொய் சொல்ல முடியாது, வாயை மூடிக்கொண்டிருக்க முடியும். டூப்ளேவின் ஆட்கள் முன்னால் அவன் வாய் திறக்காமல் நின்றதே பாதிக் காட்சி.

அடுத்தது ட்ரூயிட்டின் (இயற்கையிலிருந்து மந்திரம் எடுக்கிற வேடம்) பெர்ரி, பசி போக்கும் மந்திரப் பழம். முதல் லெவல் ஸ்பெல், ஒரு தடவைக்குப் பத்துப் பழம், ஒரு பழம் ஒரு ஆளின் ஒரு நாள் பசிக்குப் போதும், ஒரு நாள் தாண்டினால் பலன் போய்விடும். பஞ்சக் கதை எழுதுகிறவர்கள் இதைக் கண்டால் அலறுவார்கள். கணக்குப் போடுங்கள்: ஐந்தாம் லெவல் ட்ரூயிட்டுக்கு ஒன்பது ஸ்பெல் ஸ்லாட், அதாவது ஒரு நாளைக்கு ஒன்பது தடவை ஸ்பெல் போடலாம். எல்லாவற்றையும் இதற்கே கொட்டினாலும் தொண்ணூறு பேர். சண்டைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஊரில் அதைப் போலப் பல மடங்கு வாய். ட்ரூயிட் ஆடும் பையனிடம் ஒரு ஏ4 தாளை நீட்டி, "தொண்ணூறு பேர எழுது தம்பி" என்றேன். கொத்தளத்தில் நிற்கிற சிப்பாய்களா, கிணற்றடித் தெருக் குழந்தைகளா என்று மேஜையே இரண்டாகிவிட்டது. பெர்ரி இல்லாவிட்டால் இந்த வாக்குவாதமே கிடையாது.

வழி தவறாத ரேஞ்சருக்கு (காடுமேடு அறிந்த வழிகாட்டி வேடம்) அதிகம் மெனக்கெட வேண்டாம். பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காட்டுக்குள் பார்ட்டியை, அதாவது ஆடுகிறவர்களின் குழுவை, விட்டு "வழி தவறிட்டீங்க" என்று சொல்லத் திட்டமிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். சதுப்பு அவருக்குப் பழகிய நிலம், அவர் தவறமாட்டார். எந்த வாய்க்கால் எங்கே போகும் என்று அவரே சொல்லட்டும். குறுக்கு வழி தில்லை மரங்களுக்கிடையே போகிறது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சுற்று வழியில் எதிரியின் தோணிகள். இனி முடிவு அவருடையது.

ஆட்டத்தின் நடுவில் நீங்கள் எதிர்பார்க்காத சக்தி ஒன்று வந்து விழுந்தால், விதியை அந்த இடத்திலேயே மாற்றாதீர்கள். பலிக்க விடுங்கள், பிறகு டீ சொல்லுங்கள். எதிர்த்த கடையிலிருந்து டீ வருவதற்குள், "இது இப்போ யார் யாருக்குத் தெரிஞ்சுபோச்சு, அவன் என்ன செய்வான்?" என்று யோசித்தால் அடுத்த காட்சி கிடைத்துவிடும். உங்களுக்கு அறவே ஒத்துவராத சக்தி இருந்தால், உதாரணமாகப் பறக்கும் இனம், கேரக்டர் உருவாக்கும் நாளிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவது மரியாதை.

என் பார்ட்டி சீக்கிரமே ஒன்பதாம் லெவலைத் தொடும். செத்துப் பத்து நாளுக்குள் இருந்தால் ஆளையே எழுப்பும் ஸ்பெல் அக்கா மகள் கைக்கு வரும். அதற்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் தேவை. முற்றுகைக்குள் இருக்கிற ஊரில் அப்படி ஒரு வைரம் எவன் வீட்டில் இருக்கும் என்று இந்த வாரமே எழுதி வைத்துவிட்டேன்.